றமீஸ் அடித்த பந்து

1

கழகத்தின் ஆண்டு மலர் வரப்போகிறதாம். செயலாளர் வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தார். வெளிநாட்டில் உதைபந்தாட்டம் பார்த்த அனுபவத்தை இரண்டு பக்கத்துக்கு எழுத வேண்டும், கொஞ்சம் பகிடியாக இருந்தால் நல்லது, கூடவே ஒரு படமும் வேண்டும், கோட் போட்ட படம் என்றால் இன்னும் நல்லது என்றார். நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன நகரத்தில் இருபத்தொரு வருஷமாக இருக்கிறேன், பஸ் ஓட்டுகிறேன். என்னிடம் இருக்கும் ஒரே கோட்டில் பஸ் கம்பனியின் சின்னம் தைத்திருக்கிறது. அதைப் போட்டே படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.

அனுபவம் என்று பார்த்தால் என்னிடம் ஒரேயொரு மெச்தான் இருக்கிறது. போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, இந்த நகரத்தின் கழகம் விளையாடியதைப் போய்ப் பார்த்தேன். அதற்கு முன் போனதில்லை, பிறகும் போகவில்லை. என்னோடு வந்தவன் றமீஸ். கல்முனைக்குடியில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. மலர் வெளியூர்களுக்கும் போகும் என்பதால் சொல்கிறேன்: நமது கழகத்தின் பழைய ஒன்பதாம் இலக்கக்காரன், என் மனைவி நிஸாவின் தங்கை பரீனாவைக் கட்டியவன், எனக்குச் சகலன்.

அவன் ஏன் இங்கிருந்து ஊருக்குத் திரும்பி வந்தான் என்பதற்கு ஊரில் உலாவும் கதைகள் எல்லாம் எனக்கு வந்து சேர்ந்துவிட்டன. குளிர் தாங்கவில்லையாம். குடித்துவிட்டுப் பிடிபட்டானாம். வெள்ளைக்காரி ஒருத்தியின் விஷயமாம். கழகம் அவனை எடுத்துப் பார்த்து, ஆள் சரியில்லை என்று அனுப்பிவிட்டதாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. தெருவில் பிள்ளைகள் அவனை ‘இங்கிலாந்து’ என்று கூப்பிடுகிறார்கள், அவனும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறான் என்று ஒருவர் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போனின் இந்தப் பக்கத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன்.

இந்தக் கதைகளில் ஒன்றுகூட உண்மை இல்லை. உண்மை என்னிடம் இருக்கிறது. பகிடியாக எழுதச் சொன்னீர்கள், முடிந்த அளவு அப்படியே எழுதுகிறேன்.

2

இங்கே மெச் என்பது மழை, இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’, தூஷணம் மூன்றும் சேர்ந்த ஒரு வணக்க வழிபாடு. சனிக்கிழமை மத்தியானம் என் பஸ் மைதானத்துக்கு முன்னால் நிற்கும். கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஐம்பது அறுபது பேர் ஏறுவார்கள். ஏறும்போது பாட்டு, இறங்கும்போது வென்றிருந்தாலும் தோற்றிருந்தாலும் அதே பாட்டு. இந்தக் கழகம் பெரும்பாலும் தோற்கும். ஆனாலும் தகப்பன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே வரிசையில் இருந்து தோற்பதைப் பார்க்கும். நமது ஊரில் இரண்டு மெச் தோற்றால் கழகத்தை உடைத்துப் புதுப் பெயரில் இன்னொன்று தொடங்கிவிடுவோம்.

என் மகள் ஸம்ஹாவுக்குப் பதினேழு வயது. அவளிடம் முழுப் பருவத்துக்குமான டிக்கட் இருக்கிறது. கூட்டாளிகளோடு என் பஸ்ஸில் ஏறுவாள். இறங்கும்போது மற்றவர்கள் சொல்வதுபோல அவளும் ‘தாங்ஸ், டிரைவர்’ என்று சொல்லிவிட்டு இறங்குவாள். முதல் தடவை அப்படிச் சொன்ன அன்று, ஏன் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். அவள் பகிடிக்குச் சொன்னதாகச் சொன்னாள். பிறகும் சொல்கிறாள். இப்போது நானும் மற்றப் பயணிகளுக்குச் செய்வதுபோலத் தலையை ஆட்டிவிட்டுக் கதவை மூடுகிறேன்.

3

சகலன் விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நமது பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஒரே மாமியின் இரண்டு மகள்மாரைக் கட்டிய இரண்டு பேர் எந்நேரமும் ஒரே தராசில்தான் இருக்க வேண்டும். நான் இங்கே வந்து, குளிரில் நின்று, மாமியின் வீட்டுக்கு மேல்மாடி கட்டினேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஊருக்கு வந்தேன். சந்தித் தேநீர்க் கடையில் பிளேன்டி குடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் என்னைக் காட்டி, ஆள் யார் என்று கேட்டார். கடைக்காரர் என் பெயரைச் சொல்லவில்லை. "நம்மட றமீஸ்ட சகலன்" என்றார்.

அன்று பின்னேரம் கடற்கரை மைதானத்தில் பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவோடு மெச். மதில், மரம், முச்சக்கரவண்டியின் கூரை என்று ஏறக்கூடிய இடத்தில் எல்லாம் ஆட்கள். இரண்டு ஊர்ச் சனமும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆளையாள் ஏசியது. றமீஸ் வெறுங்காலோடு இரண்டு கோல் அடித்தான். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் மத்தியஸ்தர் விசில் ஊதினார். பந்து நின்ற இடத்திலேயே நின்றது, காரைதீவுப் பொடியன்மாரும் மணலில் உட்கார்ந்தார்கள். தொழுகைக்குப் போகும் வழியிலும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். மாமி அன்றிரவு பெரிய மீன் தலையை அவனுக்கு வைத்தா. எனக்கு நடுத்துண்டு. நடுத்துண்டு நல்லதுதான். ஆனால் தலை தலைதான்.

சின்ன விஷயம் என்பீர்கள். இருபது வருஷம் வெளிநாட்டில் இருந்தவனுக்கு ஊரில் சின்ன விஷயம் என்று ஒன்று கிடையாது.

4

ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு எல்லாரையும் பிடித்த அந்த வருஷத்தில் றமீஸையும் பிடித்தார்கள். வேறு ஒருவனின் போனில் அவன் பெயர் இருந்தது. அதற்கு நாலு மாதம் தடுப்புக்காவல். உள்ளே அடித்த அடியில், வெளியே வந்தபோது இடது முழங்கால் மடிந்தால் நிமிராது, நிமிர்ந்தால் மடியாது. விடுவித்த பிறகும் மாதாமாதம் கூப்பிட்டு விசாரித்தார்கள். கதவில் யாராவது தட்டினால் பிள்ளைகள் இரண்டும் கட்டிலுக்குக் கீழே போய்விடும் என்று பரீனா நிஸாவிடம் அழுவாள். கடைசியில் இறக்காமத்தில் இருந்த வயலை விற்றுவிட்டு அவன் இங்கே வந்து சேர்ந்தான். வந்த வழியைப் பற்றி அவன் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை.

வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தான். அந்த விண்ணப்பத்தில் அவன் கையில் இருந்த சாட்சி ஒன்றே ஒன்று: அந்த முழங்கால். விண்ணப்பம் சரிவந்தால் பரீனாவும் பிள்ளைகளும் வரலாம். சரிவராவிட்டால் அவன் திரும்பிப்போய், மறுபடியும் கதவு தட்டும் சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டும். வேறு வழி அவனுக்கு இருக்கவில்லை.

பதினாலு மாதம் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தான். வேலை செய்ய அனுமதி இல்லை. அதனால் சமைத்தான். மீன் ஆணம், பாற்சோறு, நோன்புக் கஞ்சி. அவன் வந்த பிறகுதான் இந்த வீட்டில் ஆணம் ஆணமாக இருக்கிறது என்று நிஸா சொன்னாள். ஸம்ஹா அவனோடு தமிழில் கதைத்தாள். என்னோடு பத்து வருஷமாகக் கதைக்காத தமிழ் அவள் வாயில் எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் அவளுக்குப் பந்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தான், அவள் அவனுக்கு இங்கிலீசு சொல்லிக்கொடுத்தாள். நான் வேலையால் வரும்போது மூன்று பேரும் சமையலறையில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பு கொஞ்சம் குறையும்.

பகல் நேரத்தில் அவன் அறைக்குப் போகும் ஹீட்டரை நான் மூடிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். கேட்டால் பழுது என்று சொல்லலாம் என்று இருந்தேன். அவன் கேட்கவே இல்லை. குளிருக்கு முழங்கால் வீங்கும். துவாயைச் சுடுதண்ணியில் நனைத்துச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து தொழுவான். எனக்கு அதைப் பார்க்கும்போது பாவமாகவும் இருந்தது. பாவமாக இருந்தும் ஹீட்டரைத் திறக்கவில்லை.

5

மெச்சுக்கு டிக்கட் எடுத்தது ஸம்ஹா. றமீஸ் ‘சாச்சா’வுக்காக எடுத்தாள். அவனைத் தனியே விடக்கூடாது என்பதால் எனக்கும் ஒன்று. அவள் மட்டும் எதிர்ப்பக்கத்தில் கூட்டாளிகளோடு இருப்பாள். நாங்கள் இந்தப் பக்கம், கிழவர்களோடு.

வாசலில் ஒரு பெண் வாளியோடு நின்றாள். துண்டுக் கடதாசியில் பெயரை எழுதி வாளியில் போட்டால், இடைவேளையில் மூன்று பேரின் பெயரை எடுத்துக் கூப்பிடுவார்கள். அவர்கள் கோலுக்கு முன்னால் கீறியிருக்கும் பெரிய பெட்டியின் கோட்டில் பந்தை வைத்து அடித்து, கோலின் குறுக்குக் கம்பத்தில் படவைக்க வேண்டும். பட்டால் அடுத்த பருவத்துக்கு டிக்கட் இலவசம். இந்தச் சனத்துக்கு வருஷம் முழுக்க இருக்கும் ஒரே வெற்றி அதுதான்.

நான் றமீஸின் பெயரை எழுதிப் போட்டேன். அவனுக்குச் சொல்லவில்லை. ஏன் என் பெயரை எழுதவில்லை என்று கேட்பீர்கள். நான் போய்ப் பிழைவிட்டால் இந்தச் சனம் சிரிக்கும். அவன் போய்ப் பிழைவிட்டால் சிரிப்பது நான். அவன் முழங்கால் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஸம்ஹா எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதும் தெரியும். இவ்வளவு நாளும் கதை கதையாகச் சொன்ன ஒன்பதாம் இலக்கம் எப்படி விழுகிறது என்று அவள் ஒருதடவை பார்க்கட்டும் என்று நினைத்தேன். எழுதக் கை கூசுகிறது. ஆனால் நினைத்தது அதுதான்.

மூன்றாவது பெயராக அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். ஸ்பீக்கரில் அதைக் கடித்துக் குதறித்தான் கூப்பிட்டார்கள், ஆனாலும் அவனுக்கு விளங்கிவிட்டது. என்னைப் பார்த்தான்.

"காக்கா, என்ட கால் உங்களுக்குத் தெரியும்தானே. எனக்கு ஏலாது."

"ஒரு அடிதானே. இந்தச் சனத்துக்கு முன்னால ஊர் மானத்த வாங்காம எழும்பிப் போ."

ஊர் மானம் என்று சொன்னால் நமது ஆட்கள் எழும்பாமல் இருக்க மாட்டார்கள். அவனும் எழும்பினான். கம்பியைப் பிடித்துப் பிடித்துப் படியில் இறங்கி, புல்லில் நொண்டி நொண்டிப் போனான். எனக்குப் பின்னால் ஒருவன் அம்புலன்ஸைக் கூப்பிடு என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நான் போனை எடுத்துப் படம்பிடிக்கத் தொடங்கினேன்.

முதல் ஆள் அடித்த பந்து மைதானத்தை விட்டே வெளியே போனது. இரண்டாவது ஆள் அடித்தது புல்லில் உருண்டது. றமீஸ் கோட்டுக்குப் போனதும் குனிந்து வலது காலின் சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தான். நவம்பர் மாதத்து ஈரப் புல்லில் வெறுங்கால். மைதானம் முழுக்கச் சிரிப்பு. வலது காலால் அடிப்பவனின் முழு உடம்பும் இடது காலில்தான் நிற்கும், விளையாடியவர்களுக்குத் தெரியும். அவன் இடது காலை ஊன்றியபோது முகம் கோணியதை நான் போனுக்குள்ளே பார்த்தேன். பிறகு அடித்தான்.

பந்து பட்டுக் கம்பம் நடுங்கியது. அடுத்த நொடி இரண்டு பக்கமும் எழும்பி நின்று கத்தியது. அவனுக்கு என்ன நடந்ததோ தெரியாது, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினான். நாலே நாலு அடி. கடற்கரையில் கோல் அடித்துவிட்டு ஓடுகிற அதே ஓட்டம். பிடிபட்ட நாளுக்குப் பிறகு அவன் ஓடியதை நான் பார்த்தது அந்த நாலு அடியைத்தான்.

எதிர்ப்பக்கத்தில் ஸம்ஹா கதிரைமேல் ஏறி நின்று, அது என்னுடைய அங்கிள் என்று கூட்டாளிகளுக்குக் கத்தினாளாம். பிறகு அவளே சொன்னாள். அந்த மைதானத்துக்கு முன்னால் வாரம் ஒருதடவை பஸ்ஸை நிறுத்தும் என்னை அவள் யாருக்கும் காட்டியதில்லை.

கழிவறைக்குப் பின்னால் உள்ள சீமெந்துப் படியில் அவனைக் கண்டேன். நோவில் சத்தி எடுத்திருந்தான். ஒரு கையில் சப்பாத்து. டாக்சி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஒன்பது நாள் அந்தக் காலை நிலத்தில் வைக்கவில்லை.

6

அன்று பின்னேரமே படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். போடுமுன் வெட்டினேன். முன்னால் நொண்டிப் போனதை வெட்டினேன், பின்னால் முழங்காலைப் பிடித்துக் குனிந்ததையும் வெட்டினேன். நொண்டியை யார் பார்ப்பது? சப்பாத்தைக் கழற்றுவது, அடி, கம்பம், ஓட்டம். இவ்வளவுதான் மிஞ்சியது. பார்த்தால் அவனுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை.

அவன் விழவில்லை. ஆகவே இனி அவன் வெற்றியில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும். ‘நம்மட றமீஸ் இங்கயும் கலக்கிட்டான், கூட்டிப்போனது நான்’ என்று கீழே எழுதினேன்.

படம் கைமாறிப் போய்ச் சேர்ந்து, இரவுத் தொழுகைக்கு முன் முகநூலில் ஊர்ப் பக்கம் நடத்துகிறவர் எனக்குப் போன் எடுத்தார். யார் யாருக்கு என்ன நல்லது நடந்தாலும் முதலில் வாழ்த்துவது அவர்தான். அங்கே கழகம் ஏதும் ஆளை எடுத்துவிட்டதா என்று ஆசையாகக் கேட்டார். இல்லை, அது இடைவேளை விளையாட்டு என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

"பேச்சு நடக்குது" என்றேன்.

அதையும் ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். ஊர் நம்பட்டும், பிறகு ஒன்றுமில்லை என்று தெரியவரட்டும், அப்போது கரி பூசப்படுவது அவன் முகத்தில்தானே. அவ்வளவு தூரம் யோசித்துத்தான் சொன்னேன்.

நமது ஆட்கள் வாழ்த்தத் தொடங்கினால் வஞ்சகம் இல்லாமல் வாழ்த்துவார்கள். விடிய எழும்பிப் பார்த்தால், ‘இங்கிலாந்துக் கழகத்துக்குத் தெரிவாகி மண்ணுக்குப் பெருமை சேர்த்த இரும்புக்கால் வேங்கை’ என்று அந்த முகநூல் பக்கத்தில் வந்திருந்தது. முழுப்பெயர், வாப்பாவின் பெயர், உம்மாவின் பெயர், படித்த பள்ளிக்கூடம், இலக்கம் ஒன்பது, கீழே நான் வெட்டிய படம். அன்று பின்னேரமே சந்தியில் பதாகை கட்டிவிட்டார்கள். அதில் அவன் படத்தைவிட மூன்று பிரமுகர்களின் படம் பெரிதாக இருந்தது. பரீனாவின் வீட்டுக்கு அக்கம்பக்கம் வட்டிலப்பம் கொண்டுபோனது.

றமீஸ் கட்டிலில் இருந்தபடி போனை என்னிடம் நீட்டினான். "இத எடுக்கச் சொல்லுங்க காக்கா, என்ட கேஸ் நடக்குது" என்றான். நான் ஊர்ப் பக்கக்காரருக்குப் போன் எடுத்தேன். இவ்வளவு பேர் பார்த்துவிட்டார்கள், இப்போது எடுத்தால் ஊருக்கு வெட்கம் என்றார். நான் வற்புறுத்தவில்லை.

7

ஜனவரியில் நேர்முக விசாரணை. மேசையில் அந்த முகநூல் பக்கம் கடதாசியில் அச்சாகி இருந்ததாம், பக்கத்தில் இங்கிலீசு மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்த புண்ணியவான் ஒரு சொல்லையும் விடவில்லை. வேங்கைக்கு வேங்கை, இரும்புக்கு இரும்பு. அதிகாரி மிகவும் மரியாதையாக, எந்தக் கழகத்துக்கு விளையாடுகிறீர்கள் என்று கேட்டாராம். ஒரு கழகத்துக்கும் இல்லை என்றான். அப்படியானால் உங்கள் ஊர் பொய் சொல்கிறதா என்று கேட்டாராம். றமீஸுக்கு ஊரைப் பொய்யன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆசையில் எழுதிவிட்டார்கள் என்றான். பிறகு படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஓடுவது நீங்கள்தானா என்று கேட்டார்கள். "ஓம், நான்தான்" என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது.

மார்ச்சில் மறுப்புக் கடிதம் வந்தது. பதினொரு பக்கம். சுருக்கம் இதுதான்: கால் நல்ல கால், ஆகவே காலை உடைத்த கதை பொய். அந்தக் கதை பொய் என்றால் பிடித்த கதையும் பொய். விண்ணப்பதாரரைப் பற்றி அவருடைய சொந்தச் சமூகமே இப்படிச் சொல்கிறது என்று நடுவில் நமது வாழ்த்தைப் பந்தி பிரித்துப் போட்டிருந்தார்கள். ஸம்ஹாதான் வாசித்து விளக்கினாள். வாசித்து முடித்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நிஸா தலையில் கைவைத்து, தங்கச்சிக்கு என்னத்தைச் சொல்வது என்று அழுதாள்.

மேன்முறையீட்டுக்கு ஒரு வழி இருந்தது. றமீஸின் சட்டத்தரணி என்னைக் கூப்பிட்டு இருத்தித் தெளிவாகச் சொன்னார். பெயரை எழுதிப் போட்டது நான், படத்தை வெட்டியது நான், கழகம் எடுக்கிறது என்று சொன்னது நான், அடித்த பிறகு அவன் நடக்க முடியாமல் கிடந்ததைப் பார்த்தது நான். இந்த நாலையும் கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டு, வெட்டாத படத்தையும் கொடுத்து, தேவையானால் நீதிபதிக்கு முன் வந்து சொல்ல வேண்டும். அவ்வளவு போதும், வழக்கு தாக்குப்பிடிக்கும் என்றார். வெட்டாத படம் என் போனில் இருந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருஷத்தில் என் கூடப்பிறந்த மூத்த காக்கா மவுத்தானார். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவரைக் கடல் எடுத்தது. மூன்றாம் நாள் கண்டெடுத்து மையவாடியில் அடக்கினோம். உங்களில் பலர் அந்த ஜனாஸாவில் நின்றீர்கள். அடுத்த வருஷம் நான் இங்கே வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, காக்காவைச் சுட்டுக் கொன்றார்கள் என்று எழுதினேன். கடலுக்குப் பயந்து வந்தவனுக்கு எந்த நாட்டிலும் விசா இல்லை. அழுதுகொண்டே சொன்னேன், அழுகை உண்மையான அழுகைதான், நம்பிவிட்டார்கள். என் பஸ், என் வீடு, என் பிள்ளையின் இங்கிலீசு எல்லாம் அந்தப் பொய்யின்மேல் கட்டியது.

நீதிபதிக்கு முன் போய் நின்றால் என் பழைய விண்ணப்பத்தையும் எடுப்பார்களோ என்று பயம் பிடித்தது. சட்டத்தரணியிடம் மெதுவாகக் கேட்டேன். யாரும் எடுக்கமாட்டார்கள், அது வேறு வழக்கு, நீங்கள் இந்த நாட்டுக் குடிமகன் என்றார். நம்ப வேண்டிய ஆள்தான் அவர். நான் நம்பவில்லை. நம்ப விரும்பவில்லை என்று சொன்னால்தான் சரி. இரண்டு வாரம் யோசிக்கிறேன் யோசிக்கிறேன் என்றேன். மூன்றாவது வாரம் அவர் கூப்பிட்டபோது நான் போனை எடுக்கவில்லை. படத்தையும் போனில் இருந்து அழித்துவிட்டேன்.

நிஸாவிடம், கடிதம் தேவையில்லை என்று சட்டத்தரணி சொல்லிவிட்டதாகச் சொன்னேன். ஸம்ஹா கேட்டபோது, எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு பொய். றமீஸுக்கு ஒன்றும் சொல்லவில்லை, அவனுக்குச் சட்டத்தரணி சொல்லியிருப்பார். அவன் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வழமைபோல மீன் கழுவினான், ஆணம் காய்ச்சினான், என் சோற்றுக் கோப்பையில் முதலில் போட்டான். நானும் ஒவ்வொரு நாளும் சாப்பிட்டேன். மேன்முறையீடு தோற்றது.

பிடித்து ஏற்றி அனுப்புமுன் தானாகவே போகிறேன் என்று அவன் கையெழுத்துப் போட்டான்.

8

விமானநிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோனேன். நிஸா பின்னால் இருந்து பரீனாவின் பிள்ளைகளுக்கு வாங்கிய உடுப்புகளை மடித்து மடித்து வைத்தாள். ஸம்ஹா அவனுக்குத் தன் கழகத்தின் சால்வையைக் கொடுத்தாள். அவன் அதைக் கழுத்தில் போடாமல் பையின் அடியில் வைத்தான். இறங்கும் இடத்தில் கேள்வி கேட்பார்கள், அதோடு போக ஏலாது மகள் என்றான். இறங்கிய அன்று அவனை இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள் என்பதும், இப்போதும் மாதாமாதம் போய்க் கையெழுத்து வைக்கிறான் என்பதும் நீங்கள் அறிந்திருக்கமாட்டீர்கள். அவன் சொல்லியிருக்கமாட்டான். உங்களுக்கு இங்கிலாந்துப் பகிடியே போதுமாக இருந்திருக்கும்.

பயணம் போகும்போது பொருத்தம் கேட்பது நமது வழக்கம். கூட இருந்த நாளில் தெரிந்தோ தெரியாமலோ ஒரு மனிசனுக்குச் செய்த பிழையை அந்த மனிசன்தான் பொருந்திக்கொள்ள வேண்டும், அதை அல்லாஹ்வும் அவனுக்காக மன்னிக்கமாட்டான். சம்பிரதாயத்துக்குக் கேட்பதுதான், யாரும் இல்லை என்று சொல்வதில்லை. றமீஸ் நிஸாவிடம் கேட்டான். அவள் அழுதுகொண்டு பொருந்திட்டன் என்றாள். ஸம்ஹாவிடம் கேட்டான். அவளுக்கு விளங்காமல் தாயைப் பார்த்தாள், தாய் சொல்லிக்கொடுத்ததும் அவளும் அப்படியே சொன்னாள். அவர்கள் இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தள்ளு வண்டி எடுக்கப் போனார்கள். அவன் என் பக்கம் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான்.

"காக்கா, பதினாலு மாசம் உங்கட ஊட்டுல இருந்திரிக்கன். என்னால ஏதும் கஷ்டம் வந்திருந்தாப் பொருந்திக்கங்க."

பொருந்திட்டன் என்றேன். அது லேசாக வந்தது. பிறகு முறைப்படி நானும் கேட்க வேண்டும். கேட்டேன். என்ன பிழை என்று சொல்லாமல், எல்லாரும் கேட்பதுபோல, நானும் ஏதும் செய்திருந்தாப் பொருந்திக்க தம்பி என்று கேட்டேன்.

அவன் கையை விடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"ஹீட்டருக்குப் பொருந்திட்டன் காக்கா. பேரப் போட்டதுக்கும் பொருந்திட்டன், அன்டைக்கு ஓடக்குள்ள எனக்குச் சந்தோசமாத்தான் இருந்த. ஊர்ல போட்டதுக்கும் பொருந்திட்டன். அந்தக் கடிதத்துக்கு நான் பொருந்தல்ல. நாளைக்கு மஹ்ஷர்ல, அல்லாஹ் கேள்வி கணக்குக் கேக்கிற அன்டைக்கு, ரெண்டு பேரையும் நிப்பாட்டுவாங்க. அங்க கதைப்பம்."

நிஸா தள்ளு வண்டியோடு வந்துவிட்டாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான், பையை வண்டியில் வைத்தான், என் பக்கம் திரும்பி ஸலாம் சொன்னான். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. சொன்னேன்.